கூறைச்சேலையில் இருந்த பூச்சி

மகனின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மருமகளுக்கு நாங்கள் கொடுக்கும் கூறைச்சேலையைக் காற்றுப்படக் கட்டிலில் வைத்திருந்தேன். வால்தம்ஸ்டோ வீட்டு யன்னலால் வந்த பூச்சியொன்று அதில் இருந்தது. மேலே கறுப்பு வெள்ளை, உள்ளே செம்மஞ்சள். வண்ணத்துப்பூச்சி என்று சந்தோசப்பட்டேன்.

"இது அந்துப்பூச்சி அப்பா," என்றாள் மகள். "மீசை நுனியில குமிழ் இல்லை, பாருங்கோ. செட்டையையும் நிமிர்த்தி மூடாமல் தட்டையா வைச்சிருக்கு."

அந்து என்றால் துணியை அரிக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். கூறையில் ஓட்டை விழுந்தால் சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்வது?

"பயப்படாதேங்கோ. அந்துகளில கனக்க வகை. இது பட்டுத் தின்னாது. தின்னுற வகை அரிசி அளவுதான். வைக்கோல் நிறம், வெளிச்சம் கண்டால் ஒளிக்கும். அதின்ர புழுதான் அரிக்கும்."

காலையில் கூறை இருந்த அலுமாரியைத் திறந்தபோது அப்படியொன்று ஓடி ஒளித்ததைக் கண்டிருந்தேன்.

சேலையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். ஓட்டை இல்லை.

"முட்டை இருந்தாலும் தெரியாது. பையில கட்டி இரண்டு கிழமை பிரீசருக்குள்ள வைப்பம், குளிரில எல்லாம் செத்துப்போகும்," என்றாள் மகள்."

"கூறையையோ? மீனுக்குப் பக்கத்திலயோ? உன்ர அம்மா என்னைக் கொன்றுபோடுவா."

மனைவி வேலையால் வருமுன் மீன், இறைச்சி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பிரீசரைக் கழுவினேன். மீன் மணம் போய்விட்டதா என்று மகளை மணந்து பார்க்கச் சொல்லிவிட்டு, பையில் கட்டிய கூறையை உள்ளே வைத்தேன்.