இல்லை என்று சொன்ன பிறகு

போன வருடம் ஆடி மாதம். ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மகளைச் சாயல்குடியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவளுடைய மாமியாரும் உடன் வந்திருந்தார்.

சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை, குடித்த வேகத்தில் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். இன்னொரு முறை கொடுத்தும் அப்படியேதான். நர்ஸ் என்னைப் பார்த்து, "குடும்பத்துல யாருக்காச்சும் சுகர் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல" என்றேன்.

"அப்பச் சரி, அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்" என்று அனுப்பிவிட்டார்.

நான் சொன்னது பொய். இந்த மகளைச் சுமந்தபோதே எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்தோடு போய், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. என் அம்மாவுக்கும் இருந்தது. பரம்பரை நோய் என்று சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ எனப் பயந்து கல்யாணத்தின்போது மறைத்தோம். மகளையும் வாய் திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தேன். நர்ஸ் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வெளியே ரோட்டில் நின்றோம், ஊருக்குப் போகும் பஸ் வந்தது. வயிற்றைப் பிடித்தபடி மகள் படியேறியபோது அவள் பிறந்த நாள் ஞாபகம் வந்தது. எனக்கிருந்த சர்க்கரையால், பிறந்ததுமே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய், மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள் அவள்.

"இறங்குடி, திரும்பிப் போவோம்" என்றேன்.

ரோட்டிலேயே சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"அதான் மாப்ள வீடு பாக்க வந்தன்னிக்கு அதிரசத்தைத் தொடாம வச்சீகளா மதினி? எங்க மேல ஏதோ மனத்தாங்கல்னுல்ல இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்!" என்றார். பிறகு குரல் மாறியது. "என்ட்ட மறைச்சீக, சரி. நர்ஸுகிட்ட ஏன் மறைச்சீக?"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பி நடந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி ரத்தம் எடுத்தார். சர்க்கரை கூடித்தான் இருந்தது. சாப்பாட்டை மாற்றினோம், தினமும் நடக்க வைத்தோம், கடைசியில் இன்சுலின் ஊசியும் தேவைப்பட்டது. கருப்பட்டி சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னபோது சம்பந்தியம்மா, "நீங்க பேசாதீக மதினி" என்று வாயை அடைத்துவிட்டார்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள், இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறாள். மகளுக்கும் சர்க்கரை இறங்கிவிட்டது. வருடந்தோறும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். என் உடம்பில் இருப்பது என்னோடு மட்டும் நிற்பதில்லை என்று தெரிந்துகொண்டதால், ஆஸ்பத்திரியில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் சர்க்கரை உண்டு என்று இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.