குதிரைக் காலண்டரின் பின்பக்கம்

இன்று காலை கம்ப்யூட்டரில், சுருக்கிக் கட்டிய ஒரு கோப்பை விரிக்க வேண்டியிருந்தது. tar என்று அடித்துவிட்டு நின்றுபோனேன். அதற்குப் பிறகு மூன்று எழுத்து வரவேண்டும். x முதலா, z முதலா, அந்தப் பாழாய்ப்போன f எங்கே? இருபது வருஷமாக இந்த வேலையில்தான் சோறு தின்கிறேன். வாரம் ஒரு தடவையாவது அடிக்கிற கட்டளை. சனியன், வர மாட்டேன் என்கிறது.

இதற்கென்றே இப்போது குட்டிக் குட்டி உதவிக் கருவிகள் வந்திருக்கின்றன. கட்டளையின் பெயரைக் கொடுத்தால் நாலைந்து உதாரணம் காட்டும். tar பிரச்சினை தீர்ந்தது. அடுத்த நிமிடம் டிஸ்க் நிறைந்துவிட்டது. எந்த ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு, இரண்டே எழுத்து. அதன் பெயரே மறந்துபோச்சு. கருவியிடம் போனால் "கட்டளையின் பெயர்?" என்று கேட்கிறது. அட, பெயர் தெரிந்தால் உன் வாசலுக்கு ஏன் வரப்போகிறேன்? செயற்கை அறிவைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஆபீஸில் அதற்குத் தடை. கடுப்பில், கண்டுபிடித்ததும் எழுதி ஒட்டிவிடலாம் என்று மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஞாபகத்தில் மேரி வந்து நின்றாள்.

மேரி லாபிஸ் ஊர்க்காரி. தம்போயில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அறையில் நாங்கள் இரண்டே பேர். வெள்ளிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போவாள், திங்கட்கிழமை வாழைக்காய் சிப்ஸோடு வருவாள். அந்த எண்ணெய் விசைப்பலகையில் படக்கூடாது என்று நான் கத்துவேன். இப்போதும் யாராவது சிப்ஸ் பிரித்தால் அப்படித்தான் கத்துகிறேன், கேட்கத்தான் ஆளில்லை.

சீனர் மளிகைக் கடையில் வருஷக் கடைசியில் கொடுப்பார்களே, பந்தய நாள்களில் குதிரை போட்ட பெரிய காலண்டர், அதில் முடிந்த மாதங்களைக் கிழித்துப் பின்பக்கத்தில் மேரி மார்க்கர் பேனாவால் கட்டளைகளை எழுதினாள். எழுதிச் சுவரில் ஒட்டினாள். பெயர் வரிசையில் அல்ல, வந்த கஷ்டத்தின் வரிசையில். "டிஸ்க் நிறைஞ்சா." "பிரிண்டர் மொறைச்சா." "மேனேஜர் பின்னால வந்து நின்னா." ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன அடிக்க வேண்டுமோ அது. நடுநடுவே புத்திமதி வேறு. "rm அடிக்கிறதுக்கு முன்னால அதே இடத்துல ls அடி. என்ன தெரியுதோ அதுதான் போகும்." ls இருப்பதைக் காட்டும், rm இருப்பதை அழிக்கும். அழித்ததை மீட்க அங்கே குப்பைத்தொட்டிகூடக் கிடையாது.

சிங்கப்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்றதும் மேனேஜர் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். "மச்சாம் கெடாய் ருஞ்சிட் லா," என்றார், மளிகைக் கடை மாதிரி இருக்கிறதாம். மேரி தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்தாள். நான் சும்மா இருக்கக் கூடாதா? முந்திரிக்கொட்டை மாதிரி, "நான் சரி பண்றேன் சார்," என்றேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, A முதல் Z வரை அடுக்கி, லேமினேட் போட்டு, கீழே என் பெயரையும் பொறித்து ஒட்டினேன். புத்திமதிகளைத் தூக்கிவிட்டேன். அவை கட்டளைகள் இல்லையே! காலண்டர் தாள்கள் பழைய பேப்பர் லாரிக்குப் போயின.

திரும்பி வந்த மேரி அதை மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"அழகா இருக்கு லா. ஆனா பேரு மறந்துட்டா இதுல எப்படித் தேடுறது?"

"பழகிடும்டி," என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிஸ்க் நிறைந்தது. பெட்டிகளில் ஒட்டும் லேபிள் அச்சடிப்பது நின்றது. கீழே பெட்டிகள் குவிந்தன, போன் அலறியது. மேரி கேன்டீனில்தான் இருந்தாள், கூப்பிட்டால் இரண்டு நிமிடம். கூப்பிடவில்லை. என் அட்டை சுவரில் இருக்கும்போது அவளை எதற்குக் கூப்பிடுவது? A-யிலிருந்து Z வரை விரல் வைத்துத் தேடினேன். டிஸ்க் நிறைந்தால் எந்த எழுத்தில் பார்ப்பது? பதற்றத்தில் தேவையில்லாதது என்று நானே முடிவு செய்து rm அடித்தேன். 'எல்லாம்' என்று பொருள்படும் ஒரு நட்சத்திரக் குறி கூடுதலாக விழுந்தது. மேரி மூன்று வருஷமாக எழுதிச் சேர்த்த லேபிள் நிரல்கள் அத்தனையும் போயின.

செய்தி கேட்டுக் கை ஈரத்தோடு ஓடிவந்த மேரி, விசைப்பலகையில் மேல் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினாள். நான் கடைசியாக அடித்தது திரையில் வந்தது.

"ls அடிச்சியாடி?"

"இல்ல."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். என் வாய் திறக்கவேயில்லை. மேரிதான் பேசினாள். "அந்த ஃபோல்டர நான் பேக்கப்புல சேர்க்கல சார். என் தப்பு." அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி என்னிடம் இருந்தது. அவர் அவளைத் திட்டி முடிக்கும் வரை என் லேமினேட் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவமானம் என்றால் அது அவமானம்.

ஒன்பது நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். அந்த வருஷம் சம்பள உயர்வு எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடைசி நாள் மீ கோரெங் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை இப்போது இல்லை, அந்தக் கட்டடம் நாற்காலி மேசைக் கிடங்காகிவிட்டது. நான் இப்போது இருக்கும் ஸ்கூடாயில் எங்கள் கடைக்காரர் தருவது கையகலக் காலண்டர், பின்பக்கமும் விளம்பரம். இன்று மேரியின் தலைப்புகளை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். பத்து வந்தது. அவற்றின் கீழே இருந்த கட்டளைகள் பாதிக்கு மேல் வரவில்லை. மேரியின் கடைசித் தாளின் அடியில் இருந்த தலைப்பு மட்டும் முழுசாக வந்தது. கட்டளை இல்லை என்று நான் முதலில் தூக்கியதே அதைத்தான்.

"தப்பு பண்ணிட்டா: எதையும் தொடாத. என்னைக் கூப்பிடு. திட்ட மாட்டேன்."