எந்த நாயும் கடிக்கவில்லை

திஹோமிர் அண்ணனுக்கு நாய் என்றால் ஆகாது. பயமெல்லாம் இல்லை, அருவருப்பு. முப்பத்து நான்கு வருஷம் ஓசியேக் நகரப் பேருந்துப் பணிமனையில் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். கிரீஸ் அப்பிய கையோடு ரொட்டி தின்பார். ஆனால் பூங்காவில் நாய்க் கழிவை மிதித்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரும் குடியிருக்கும் எங்கள் நாலு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வந்து உட்காருவார். இந்தக் கதை என் கடை நாற்காலியில்தான் துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது.

ஒரு கோடையில் அயர்லாந்திலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி புது வெள்ளைச் செருப்போடு எதிர்ப் பூங்காவுக்கு ஓடி, எதையோ மிதித்து, அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அண்ணன் அன்றைக்கே நகராட்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அசிங்கம் என்று மட்டும் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று தோன்றியிருக்கிறது. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'போன வாரம் ஒரு நாய் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டது.'

அப்படி எதுவும் நடக்கவில்லை.

இரண்டே மாதத்தில் பூங்கா வாசலில் பலகை வந்தது. வாரில் கட்டிய நாய்க்கும் அனுமதி இல்லை. ஏதோ ஒரு நாய் குழந்தையைக் கடித்துவிட்டதாம் என்று ஊரெல்லாம் பேச்சு.

மேல்மாடியில் யெல்கா அக்கா இருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. துணைக்கு காரோ என்று ஒரு கறுப்பு நாய். பதினான்கு வயது, ஒரு கண்ணில் பார்வை மங்கல். பலகை வந்த பிறகு அக்கா அதை டிராம் பாதையைக் கடந்து, படி இறங்கி, ஆற்றங்கரை வரை நடத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஜனவரியில் ஒரு காலை, பனி உறைந்திருந்த அந்தப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆள் வரும்வரை இருபது நிமிஷம் அங்கேயே கிடந்திருக்கிறார். நாய் அவர் பக்கத்திலேயே நின்று குரைத்துக்கொண்டிருந்ததாம்.

நாயை யார் பார்த்துக்கொள்வது என்று மாடிப்படியில் கூடிப் பேசினோம். "எங்கிட்ட விடுங்க" என்றார் திஹோமிர்.

"நீங்களா? உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அக்கா விழுந்த பிறகு காரோ ஆற்றங்கரைப் படியில் இறங்க மறுத்தது. அதனால் நாயை வண்டியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு பூங்கா பூங்காவாக அலைந்தார். முதல் பூங்காவில் எங்கள் பூங்காவின் அதே பலகை. இரண்டாவதில் காவலாளி, "காலைல ஒம்பது மணிக்குள்ள வாங்க. அப்புறம் வந்தா என் வேலை போயிடும்" என்றான். மூன்றாவதில் நாய்களுக்கென்று வேலி போட்ட இடம் இருந்தது. உள்ளே கணுக்கால் வரை சேறு; கன்றுக்குட்டி மாதிரி இரண்டு நாய்கள் பாய்ந்து வந்ததும் காரோ அவர் காலுக்கிடையில் புகுந்துகொண்டது.

ஆறாம் நாள், பழைய ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பூங்கா அகப்பட்டது. 'வாரோடு வரும் நாய்கள் வரலாம்' என்று எழுதியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் யாரோ ஒரு கிண்ணம்கூட வைத்திருந்தார்கள். காரோ புல்லை மோந்து மோந்து ஒரு சுற்று வந்து, சாவகாசமாகத் தன் வேலையை முடித்தது. அண்ணன் விழித்துக்கொண்டு நின்றார்.

பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, "என்ன சார், பை எடுத்துட்டு வரலையா? இந்தாங்க" என்று ஒரு பையை நீட்டினாள்.

குனிந்து எடுத்து, முடிச்சுப் போட்டு, குப்பைக் கூடையில் போட்டார். "அஞ்சே நொடி வேலைம்மா" என்றார் அந்த மாதம் கடைக்கு வந்தபோது என்னிடம், கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல். "இந்த அஞ்சு நொடிக்காக ஒரு பொம்பளையைப் பனியில படுக்க வச்சுட்டேன்."

அன்றுதான் எனக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். "இதை எங்கிட்ட சொல்லி என்னண்ணே பிரயோஜனம்?" என்றேன்.

மறுநாளே கசகசா ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். யெல்கா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"எந்தக் குழந்தை?" என்று கேட்டார் அக்கா.

"குழந்தையே இல்லக்கா. நானா எழுதினது."

"நாலு மாசமா என் நாயை ஊரே ஒரு மாதிரி பாத்துச்சு, தெரியுமா? அந்தப் புள்ளையைக் கடிச்சது இதுதானான்னு ஒருத்தி எங்கிட்டயே கேட்டா. ஊர்ப் பேச்சைக் கேட்டு அவளும் நம்பிட்டா." சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த ரொட்டியையும் எடுத்துட்டுப் போ."

அண்ணன் நகராட்சிக்குப் போய், தான் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்தவர் சலித்துக்கொண்டார். "அந்த ஃபைலை மூடியாச்சு. பலகையை எடுக்கணும்னா அக்கம்பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

நாலு கட்டடம், எண்பத்தாறு வீடு. ஒவ்வொரு கதவையும் தட்டினார். எதற்குக் கையெழுத்து என்று கேட்ட எல்லோரிடமும் கடிதத்தையும் சேர்த்தே சொன்னார்; மறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஒருவர் கதவை முகத்தில் அறைந்து சாத்தினார். "வேலை வெட்டி இல்லாம வீட்ல உக்காந்தா இப்படித்தான்" என்றாள் இன்னொருத்தி, ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். ஒரு வீட்டில், "பொய் சொல்லிப் பூட்டினீங்க, இப்ப நெஜத்தைச் சொல்லித் திறக்கப் பாக்குறீங்களா? நடத்துங்க, நடத்துங்க" என்று கேலி செய்தார்கள். ஐம்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்.

செப்டம்பரில் பலகை மாறியது. வாரோடு வந்தால் நாய்களும் உள்ளே வரலாம்.

யெல்கா அக்கா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். தினமும் காலையில் காரோவோடு எதிர்ப் பூங்காவில் ஒரு சுற்று. நாயை வீட்டுக்கு அழைத்துப் போன அன்று அண்ணனுக்கு நன்றி சொன்னார். நாயைப் பார்த்துக்கொண்டதற்கு மட்டும் என்று அழுத்திச் சொன்னார். வியாழக்கிழமைகளில் அண்ணன் அவருடைய காய்கறிப் பையை மேல்மாடி வரை தூக்கிக்கொண்டு போகிறார். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொள்வார். உள்ளே வா, ஒரு காபி குடி என்று இதுவரை சொன்னதில்லை.

"வருத்தமா இருக்காண்ணே?" என்று போன மாதம் முடி வெட்டும்போது கேட்டேன்.

"நானா இருந்தா பையைக்கூட வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். "பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைச்சுடும்மா."