திருப்பி மாட்டிய பெயர்

பென்னலூர் மஞ்சுளா விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் எந்த விமானி பறக்கலாம், எவர் பறக்காமல் வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் பல வருஷம் உட்கார்ந்திருந்தார். இப்போது மூடிவிட்ட ஒரு தனியார் விமானக் கம்பெனியின் டியூட்டி அறை அது, மீனம்பாக்கத்தில். சுவரில் ஒரு பலகை, அதில் விமானிகளின் பெயர் எழுதிய அட்டைகள். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி போய் நிற்கும் வரை பறந்த நேரமாகக் கணக்கு. அந்த மாதத்துக்குரிய நேரம் தீர்ந்துவிட்டால் அட்டையைத் திருப்பி மாட்டிவிடுவார்கள். பிறகு எவ்வளவு பெரிய கேப்டனாக இருந்தாலும் விமானத்தைத் தொட முடியாது. கெஞ்சியவர்களும் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. மஞ்சுளா டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

சம்பளத்திலும் ஒரு ஏற்பாடு இருந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் குறிப்பிட்ட மணி நேரத்துக்கான பணம் மாதாமாதம் வந்துவிடும். அதற்கு மேல் பறந்தால்தான் மணிக்கு இவ்வளவு என்று கூடுதல். அதனால் களைத்துப்போன விமானி, முடியவில்லை என்று போனில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் ஒரு பெரிய விஷயம் என்று மஞ்சுளாவுக்கு அப்போது தோன்றவில்லை.

கம்பெனி மூடியபின், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பஸ் விடும் ஜெபகுமாரிடம் வேலைக்குச் சேர்ந்தார். டிரைவர்களுக்கு வண்டி பிரித்துக் கொடுக்கும் வேலை. கணவர் தணிகாசலமும் அங்கேதான் டிரைவர். அங்கே ட்ரிப்புக்குத்தான் காசு. இரவு முழுக்க ஓட்டியவர் முகத்தைக் கழுவிக்கொண்டு காலை ஷிஃப்டை ஏற்றக் கிளம்பிவிடுவார். தூக்கம் வருகிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மஞ்சுளா சாவி மாட்டும் ஆணிகளுக்கு மேலே ஒரு பலகை வைத்து, பெயர் அட்டைகளைத் தொங்கவிட்டார். இரவு ஓட்டியவரின் அட்டையைக் காலையில் திருப்பினார். மஞ்சுளா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து டிரைவர்கள் நேராக்கினார்கள். அதன்பின் சாவிகள் அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் போயின.

ஒரு நாள் தணிகாசலத்தின் அட்டையே திரும்பியது.

“இன்னா மஞ்சு, என் பொழப்புலயே கை வைக்கிறியே?”

“ராத்திரி பூரா ஓட்டிகினு வந்துகீற. வூட்டுக்குப் போய்ப் படு.”

தண்டலத்தில் ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஜெபகுமார் மாற்றுச் சாவியை எடுத்துத் தணிகாசலத்திடம் கொடுத்தார். “இது ஏரோப்ளேன் இல்லம்மா,” என்றார்.

“உள்ள உக்காந்துகினு வர்றது மனுசங்கதானே சார்.”

வண்டி கிளம்பியது.

ஒரகடத்துக்குச் சற்று முன்னால் அது சென்டர் மீடியனில் ஏறி நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் இருந்த பாண்டிச்செல்வி என்ற பெண்ணுக்குக் கை முறிந்தது.

“பிரேக் புடிக்கல,” என்றார் தணிகாசலம், ஷெட்டுக்கு வந்ததும். ஜெபகுமார் மெக்கானிக் மாரிசெல்வத்தைப் பார்த்தார்.

“நேத்துதான் பாத்தேன் அண்ணாச்சி,” என்றான் மாரிசெல்வம். அவன் வேலை போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

விமானக் கம்பெனியில் சின்னதாக ஏதாவது நடந்தாலும், ஆள் எப்போதிலிருந்து டியூட்டியில் இருந்தார் என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு மஞ்சுளா பதில் சொன்னார்.

“பிரேக் நல்லாத்தான் கீது சார். ராத்திரியும் ஓட்டினாரு, காலைலயும் ஓட்டினாரு. தூங்கிட்டாரு.”

சொல்லும்போது கணவரின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தணிகாசலம் மறுக்கவில்லை. சில வாரம் அவருக்கு வண்டி கிடைக்கவில்லை. வீட்டில் மனைவியோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார். மஞ்சுளா போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுவார்.

காண்ட்ராக்டை ரத்து செய்துவிடுவோம் என்று தொழிற்சாலை சொன்ன பிறகு ஜெபகுமாருக்குக் காது நன்றாகக் கேட்கத் தொடங்கியது. மஞ்சுளா சொன்னபடியே, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு நிலையான சம்பளம், அதற்கு மேல்தான் ட்ரிப் காசு என்று மாற்றினார். டிரைவர்கள் நம்பவில்லை. வீட்டில் படுத்திருப்பவனுக்கு எந்த முதலாளி சம்பளம் கொடுப்பான்? களைத்தவர்கள்கூடப் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

தணிகாசலம் மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார். ஒரு மதியம் சிவந்த கண்ணோடு ஷெட்டுக்கு வந்தார். முந்தின இரவு அவருக்கு வண்டி இல்லை, அட்டை நேராகவே இருந்தது; மஞ்சுளா சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. எல்லாரும் பார்க்கப் பலகைக்குப் போய், தன் பெயரைத் தானே திருப்பி மாட்டினார்.

“மஞ்சு, இன்னிக்கு என்னால முடியாது.”

விபத்து நடந்த அந்தக் காலைக்குப் பிறகு மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.