ஐந்தாம் கேள்விக்காரர்

“பால் ஏன் வரலைன்னு கேட்டேன். மழைன்னு சொல்லிட்ட. ஒரு மார்க். பால்காரன் மருமகன், அவன் மோட்டார் சைக்கிள், இதெல்லாம் யார் கேட்டா?” காலைத் தேநீரோடு மனைவி போசிபோரியின் பேச்சையும் ஒன்சாரி வாத்தியார் இப்படித் திருத்திவிடுவார்.

கெரோகாவில் இங்கிலீஷ் வாத்தியார் என்றால் அவர்தான். பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தப் போவார். அங்கே மேசைக்கு ஒரு கேள்வி; தாள்கள் மேசை மேசையாக நகர்ந்து வரும். பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதியில் ஐந்தாம் கேள்வி வருஷக்கணக்காக ஒன்சாரியின் சொத்து. விடைக்குறிப்பில் உள்ள வார்த்தை தாளில் இருந்தால் மார்க். இல்லாவிட்டால், பிள்ளை உயிரைக் கொடுத்து எழுதியிருந்தாலும் சைபர். மற்ற கேள்விகளை ஏறிட்டும் பார்க்கமாட்டார். அடுத்தவர் வயலில் மாட்டை விடுகிற மாதிரி அல்லவா அது!

ஒருமுறை ஏரிக்குப் போன மீனவன் கதை வந்திருந்தது. வீடு திரும்பியவரிடம் போசிபோரி ஆசையாகக் கேட்டாள்: “புயல்ல மாட்டினவன் பிழைச்சானா?”

“அது எட்டாம் கேள்வி. வேற மேசை.”

போன ஏப்ரலில் மகள் கெமுண்டோவுக்கு மாடு பேச, அதாவது பரிசமாக எத்தனை மாடு தருவது என்று முடிவு செய்ய, மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பேச்சை நடத்தியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ரட்டேமோ. வாத்தியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “என் பொண்ணு தையல் கடையை விட்டுட்டு வரணுமா?”

மாடு பேசுகிற இடத்தில் கேட்டதற்குப் பட்டென்று பதில் சொல்வது மரியாதை ஆகாது. ரட்டேமோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “எங்க தாத்தா ஒரு பானை செய்யறவளைக் கட்டிக்கிட்டு வந்தார். அவ வந்த வருஷம் நல்ல மழை…”

“நிறுத்துங்க. விடணுமா, வேண்டாமா? தாத்தா கேள்வியிலயே இல்ல. சைபர்.”

ரட்டேமோ தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “மாடு பேச வந்தோம் வாத்தியாரே, பரீட்சை எழுத வரல.” கூட வந்தவர்களும் எழுந்தார்கள். ஒருவர் கடித்த சப்பாத்தியை வைக்க மனமில்லாமல் அதோடேயே எழுந்தார்.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த கெமுண்டோ வாசலை மறித்து நின்றாள். “பெரியப்பா, போகாதீங்க. அப்பா, இவங்க வாசலைத் தாண்டினா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், சொல்லிட்டேன். அவரை முழுசாப் பேச விடுங்க. பதில் அதுலதான் வருது.”

“எந்த வரியில?”

“முழுசாக் கேட்டாத்தானே தெரியும், கெமுண்டோ அப்பா!” உள்ளேயிருந்து போசிபோரி கத்தினாள். “ஊர் பிள்ளைங்களுக்குப் போட்ட சைபர் போதாதா? பெத்த பிள்ளைக்கும் போடணுமா?”

வாத்தியார் கூரைத் தகரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பானைக்காரம்மா… கல்யாணத்துக்கு அப்புறமும் பானை செஞ்சாங்களா?”

ரட்டேமோ அவசரப்படவில்லை. உட்கார்ந்தார். தேநீர் கேட்டு வாங்கி, அடிவரை உறிஞ்சிக் குடித்தார். பிறகு தாத்தாவுக்கும் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார்.

ஒன்சாரி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முழங்காலுக்கு முட்ட முட்டப் போட்டு உட்கார்ந்தார்.