நான் கலைத்த நிர்வாகசபை

நான் ஒரு மடையன். நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சரித்திரக் கதை ஒன்றைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு, அதை நம்பி அரசியல் செய்தவன் நான்.

ரொறன்ரோவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு அப்போது நான்தான் தலைவர். ஆண்டு விழாவில் தலைவர் உரை என்று ஒன்று உண்டு. அதற்காகத்தான் தலைவரானேன், வேறு காரணமே கிடையாது. அந்த உரையை ஐந்து நிமிடமாக வெட்டுவதற்கு நிர்வாகசபை கூட்டம் வைத்தது, வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த செயலாளரின் வீட்டு பேஸ்மென்டில்.

போகும் வழியில் காரில் இங்கிலாந்து ராஜா ஒருவரின் கதை ஒலிப்புத்தகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் பாராளுமன்றத்துக்கும் ஒத்துவரவில்லை. மனுஷன் சபையைக் கலைத்துவிட்டுத் தனியே ஆண்டாராம். ‘இதல்லோ மூளை!’ என்று நான் வியந்தபோது செயலாளர் வீடு வந்துவிட்டது. காரோடு கதையும் நின்றது.

உள்ளே போய், கதிரையில் இருக்காமலே அறிவித்தேன்: “நிர்வாகசபையை இத்தால் கலைக்கிறன்.”

பொருளாளரின் வாயில் பாதி மட்டன் ரோல்ஸ் இருந்தது. செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப கூட்டம் முடிஞ்சுதோ, அண்ணை?”

“ஓம். எல்லாரும் வெளிக்கிடலாம்.”

“இது என்ரை வீடு. நீங்கள்தான் வெளிக்கிடவேணும்.”

வெளிக்கிட்டேன். தனியாட்சி தொடங்கியது. மனைவியைத் துணைத்தலைவராக நியமித்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். விழா நெருங்கியது. ஒலிபெருக்கி பொருளாளரின் கராஜில். மண்டபத்துச் சாவி செயலாளரிடம். நடனப் பிள்ளைகள் எல்லாரும் நிர்வாகசபைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். என் கையில் இருந்தது உரை மட்டும்தான்.

மிச்சக் கதையை அப்போதுதான் கேட்டேன். போர் வந்தபோது காசுக்காக ராஜா பாராளுமன்றத்தைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்றாம். கடைசியில் தலையும் போயிற்றாம். கழுத்தைத் தடவிக்கொண்டே செயலாளருக்கு போன் எடுத்தேன்.

மறுபடியும் அதே பேஸ்மென்ட். இந்த முறை பணிவாக இருந்தேன்.

“போன வருஷம் நீங்கள் பேசி முடிக்க, கொத்துரொட்டி கல்லாப் போச்சு,” என்றார் செயலாளர். “இனித் தலைவர் உரையே இல்லை.”

“அஞ்சு நிமிஷம் தாறம் எண்டு சொன்னியளே?”

“அது நீங்கள் கலைக்க முந்தி.”

பொருளாளர் ஆறுதல் சொன்னார்: “இந்த நாட்டு ராஜாவுக்கும் உப்பிடித்தானே, அண்ணை. காசிலை படம் வரும். அதிகாரம் ஒண்டுமில்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “குத்துவிளக்காவது ஏத்தலாமோ?” என்று கெஞ்சினேன்.

“ஏத்தலாம், கதைக்கக் கூடாது,” என்றார் செயலாளர்.