மிஸ் அரசியலுக்கு வாறாவாம்

இருபத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்துவிட்டு, மாகாண சபைக்குப் போட்டியிடுவதற்காகப் போன மாதம் வேலையை விட்டேன். தேர்தல் எப்போது என்று கேட்காதீர்கள். திகதி வைக்கிறவர்களுக்கே தெரியாது.

இன்று தலைமன்னார் பஸ்ஸில் ஓர் அண்ணை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சீனி வருத்தத்தால் வெட்டவிருந்த அவருடைய காலுக்கு இரண்டு மாதம் மருந்து கட்டியவள் நான்.

“மிஸ், அரசியலுக்கு வாறியளாம்? என்ன அனுபவம் இருக்கு?”

“பிள்ளைத்தாச்சியை அனுப்ப அம்புலன்ஸ் கேட்டுப் பத்து அரசாங்கக் கந்தோருக்குப் போன் எடுத்த அனுபவம் இருக்கு அண்ணை.”

“அது வேற. சனம் கண்டபடி ஏசும்.”

“ஊசி போடத் தொடங்கின நாளில இருந்து ஏச்சுத்தானே வாங்கிறன். நீங்களும் ஏசினனீங்கள்.”

சிரித்தார். பிறகு உடுத்திருந்த சாரத்தை உயர்த்திக் காலைக் காட்டி, “இந்த இடம் திரும்பச் சிவந்திருக்கு, ஒருக்காப் பாருங்கோ” என்றார். பார்த்தேன். நாளைக்கே கிளினிக்குக்குப் போகச் சொன்னேன்.

“ஓம் மிஸ், நீங்கள் சொன்னால் சரி.”

உப்புக்குளத்தில் அவர் இறங்க எழும்பியபோது கேட்டேன்: “அப்ப வாக்கு எனக்குத்தானே?”

“அவசரப்பட்டுச் சொல்லேலாது மிஸ். கனடாவில இருக்கிற தம்பியிட்டக் கேக்கோணும்.”

கால் விஷயத்தில் என் சொல் போதும். வாக்குக்குத்தான் கனடாவின் அனுமதி வேண்டும்.

உங்கள் வீட்டு வாக்கு எந்த நாட்டில் இருக்கிறது? கீழே எழுதுங்கள், நேரடியாக அங்கேயே பிரசாரத்துக்குப் போகிறேன்.